அழுகைக்குக் கண்ணீர் வேண்டுமா? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே விஷயத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. கண், காது, மூக்கு, தோல் வழியாக வரும் ஒன்று மனசை எப்படிப் பிடிக்கிறது என்பதே அது. நடிப்பவர், பார்ப்பவர், சொல்லிக்கொடுப்பவர் என மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்கிறேன். ஒத்திகையில் வரும் கண்ணீர் மேடையில் வருவதில்லை. கிளிசரின் போட்டுக்கொள்ளலாமா? ‘உன் சொந்தத் துக்கத்தை நினைத்துக்கொள்’ என்கிறார் இயக்குநர். அப்படிச் செய்தால் வீட்டுக்குப் போன பிறகும் மனசு தெளிய மாட்டேன் என்கிறது.
நாடக நடிகை, விழுப்புரம்

கிளிசரின் வேண்டாம். கேமரா கன்னத்துக்கு அருகில் வரும், அங்கே ஒரு சொட்டுக்கும் மதிப்பு உண்டு. மேடையில் பத்தாவது வரிசைக்காரருக்கு உங்கள் கண்ணீர் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது மூச்சு, தோள், கழுத்து, கை. அங்கே அழுகை இல்லையென்றால் கன்னத்தில் ஆறாக ஓடினாலும் பயனில்லை.

தொல்காப்பியம் இதற்கு வைத்திருக்கும் பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே நடப்பது உடம்பில் படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களைத் தருகிறது. அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவுபடுத்துவது இளிவு. உறவையோ பொருளையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு நொடிந்துபோவது அசைவு. நடிக்கிறவர்களுக்கு இது பெரிய கொடை. ‘அழு’ என்று சொன்னால் உடம்புக்கு ஒன்றும் புரியாது. ‘இது இழவு’ என்று சொன்னால் புரியும்.

மகன் உடலுக்கு முன்னால் உங்கள் பாத்திரம் அழுவது இழவு. அங்கே உடம்பின் கனம் கீழே இறங்க வேண்டும். முழங்கால் தளரும், கை எதையாவது பற்றத் தேடும். அதே தாய் அடுத்த காட்சியில் கடன்காரன் முன் நின்று அழுதால் அது இளிவு. அங்கே உடம்பு விழாது, குறுகும். கழுத்து உள்ளே போகும், கண் எதிராளியின் முகத்தைத் தவிர்க்கும். இரண்டுக்கும் ஒரே அழுகையை அழுதால் பார்ப்பவர்கள் இரண்டாவது காட்சியில் சோர்ந்துபோவார்கள். பிரதியை எடுத்து, அழும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் இந்த நான்கில் ஒன்றைப் பென்சிலால் எழுதுங்கள்.

அடுத்தது மூச்சு. சிலே நாட்டு நரம்பியல் ஆய்வாளர் சுசானா பிளோக், 1970களில் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் உரிய மூச்சையும் உடல்நிலையையும் பிரித்தெடுத்து, நடிகர்களுக்கான பயிற்சியாக்கினார். துக்கத்துக்கு உரியதைச் சொல்கிறோம். தசைகளைத் தளர்த்துங்கள், பார்வை கீழே இருக்கட்டும். மூச்சை மூக்கால் ஒரே இழுப்பாக இழுக்காமல் மூன்று நான்கு துண்டுகளாக, விக்கி விக்கி இழுங்கள். பிறகு வாயைச் சற்றே திறந்து நீளமாக விடுங்கள். சில சுற்றுகளிலேயே தொண்டை கனக்கத் தொடங்கும். அவசரப்பட்டால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிடுங்கள். சொந்த வாழ்க்கையைத் தோண்டாமலே உணர்ச்சியை வரவழைக்கும் வழி இது.

உங்கள் கடிதத்தில் எங்களை உறுத்தியது கடைசி வரிதான். உணர்ச்சிக்குள் போகக் கற்றுக்கொடுக்கும் பலர் வெளியே வரும் வழியைக் கற்றுக்கொடுப்பதில்லை. பிளோக்கின் முறையில் அது கட்டாயம். நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் நேராக நின்று, கைகோத்துத் தலைக்கு மேல் உயர்த்தும்போது மூச்சை இழுத்து, இறக்கும்போது சீராக விடுங்கள். மூன்று முறை செய்யுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை நன்றாகத் தேய்த்து, உடம்பை உதறி, நின்ற இடத்தை மாற்றுங்கள். வேடம் கலைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. உண்மையாகவே அழுதுவிட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும். மூக்கொலிகள்தான் முதலில் போகும். ‘மகனே’ என்பது ‘பகதே’ என்று கேட்கும். பார்ப்பவர்கள் துக்கத்தை விட்டுவிட்டு, என்ன சொன்னார் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். எனவே அழுகை முட்டிவரும் இடத்தில் ஒருமுறை எச்சில் விழுங்குங்கள், அரை வினாடி நில்லுங்கள், வசனத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அழாமலிருக்கப் பாடுபடும் தாயைப் பார்த்துத்தான் அரங்கம் அழும்.

கோயிலில் உற்சவரைப் பார்த்தால் உருகிப்போகிறேன். அதே போன்ற செப்புத் திருமேனியை அருங்காட்சியகத்தில் பார்த்தால் ‘அழகாக இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. குறை என்னிடமா?
வாசகர், கும்பகோணம்

இல்லை. கோயிலில் நீங்கள் பார்ப்பது சிலையை மட்டும் அல்ல. கற்பூர வாசனை, மணியோசை, நெரிசல், தட்டில் அசையும் சுடர் எல்லாம் சேர்ந்துதான் அந்த அனுபவம். உற்சவர் தோளில் ஏறி, ஆடி அசைந்து வீதியுலா வருவதற்காக வார்க்கப்பட்டவர். பீடத்தைப் பாருங்கள், கட்டித் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டும் தெரிய, அடியிலிருந்து வெளிச்சம் ஏறும்போது நிழல் நகர்ந்து உதடு அசைவது போல் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அசையாத விளக்கில் இதில் எதுவும் கிடையாது.

ஆனால் கோயிலில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். முழு உடம்பும் தெரியும். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் போய்ப் பாருங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, காளையின் மேல் ஒரு கையைச் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. கை மட்டும் காற்றில் தங்கியிருக்கிறது.

போவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். நண்பரின் தோளில் முன்கையை வைத்து, இடுப்பை ஒரு பக்கம் தளர்த்தி நில்லுங்கள். அவரை மெல்ல விலகச் சொல்லிவிட்டு அதே நிலையில் இருக்கப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தோள் இறுகும், இடுப்பு தானாக நிமிர்ந்துவிடும். இப்போது திருமேனியைப் பார்த்தால் அந்த இறுக்கம் எங்குமே இல்லை என்பது தெரியும். தாங்குகிற ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அந்த உடம்பு நிற்கிறது. உங்கள் தோளுக்கு அது தெரிந்துவிட்டால் இல்லாத காளை கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கூடத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். மூன்று திருமேனிகள் போதும். ஒவ்வொன்றையும் முன்பக்கம், இரு பக்கவாட்டு, முடிந்தால் முதுகு என்று சுற்றிப் பாருங்கள். அதன் நிலையில் நீங்களும் நின்று பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒன்பது வயது. ‘படம் என்றால் என்ன?’ என்று கேட்கிறாள். அவளுக்குப் படம் காட்ட வழி உண்டா?
ஒரு தாய், மதுரை

உண்டு. விரல் படிக்கும் முறை கண் படிக்கும் முறையிலிருந்து வேறுபட்டது என்பதை மட்டும் முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கண் முழுதைப் பார்த்துவிட்டுப் பிறகு பகுதிக்குப் போகும். விரல் பகுதி பகுதியாகத் தொட்டு, முழுதைத் தலைக்குள் கட்டும். அதற்கு நேரமும் நினைவாற்றலும் வேண்டும். ஆகவே தொடும் படத்தில் கோடுகள் குறைவாக இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு உங்கள் வாசலிலேயே ஒன்று இருக்கிறது, சிக்குக் கோலம். ஏ4 அளவுள்ள கெட்டி அட்டையில் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து புள்ளிகள் குறியுங்கள். புள்ளிக்குத் துவரம்பருப்பைத் தட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு ஒட்டுங்கள். மிளகோ முழுப்பயறோ வேண்டாம், உருண்டையானவை விரல் பட்டுப் பெயர்ந்துவிடும். கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் சணல் கயிறு. ஃபெவிகாலை மெல்லிய கோடாக விட்டு, சற்று இறுகிய பிறகு கயிற்றைப் பதியுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே வைத்தால் வளைவுகளில் கயிறு நழுவும். ஓர் இரவு முழுக்க உலரட்டும்.

தவறு நேர்வது இரண்டு இடங்களில். விரல் நுனியால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். இரண்டு கோடுகள் அதைவிட நெருங்கினால் ஒரே தடித்த கோடாகிவிடும். எனவே 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். அடுத்தது, கயிறுகள் வெட்டிக்கொள்ளும் இடம். அங்கே விரல் வழி தவறும். வெட்டுகளைச் செங்குத்தாக வைத்து, ‘குறுக்கே வந்தால் நேரே போ’ என்று சொல்லிக்கொடுங்கள். சிக்குக் கோலத்தின் விதியும் அதுதான். புறப்பட்ட இடத்துக்கே விரல் திரும்பிவந்து சேரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். கோலம் போடுகிறவருக்குக் கிடைக்கும் அதே நிறைவு அது.

அவள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பார்வையுள்ளவர்கள் அன்பினால் செய்யும் பெரிய தவறு இது. உங்கள் கை கீழே இருக்கட்டும், அவள் கை உங்கள் கைமேல் இருக்கட்டும். விரும்பினால் வருவாள், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்வாள். முதலில் இரு உள்ளங்கையையும் விரித்துப் படம் முழுவதையும் தடவச் சொல்லுங்கள். எவ்வளவு பெரியது, எங்கே நிறைய இருக்கிறது, எங்கே காலி என்பது பிடிபட்ட பிறகுதான் ஒற்றை விரல்.

அடுத்த கட்டம் பொருள்களின் படம். செம்பை முதலில் கையில் கொடுங்கள், பிறகு செம்பின் பக்கத் தோற்றத்தைக் கயிற்றில் கொடுங்கள். மேசையைச் சாய்கோணத்தில் வரைந்து, தொலைவில் உள்ள காலைச் சிறியதாகக் காட்டினால் அவளுக்கு அர்த்தமாகாது. ‘ஒரு கால் ஏன் குட்டை?’ என்று கேட்பாள், அது நியாயமான கேள்வி. தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரிவது கண்ணின் பழக்கம், தொடுதலில் அப்படி ஒன்று கிடையாது. நேர்முகத் தோற்றமோ பக்கத் தோற்றமோ கொடுங்கள். ஒன்றை ஒன்று மறைக்கும் உருவங்களைத் தவிருங்கள்.

பரப்புகளுக்குத் துணி வகைகள் நல்லவை: பட்டு, கோணி, வெல்வெட், கார்டுராய். ஒரு படத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். உப்புத்தாளைப் பெரிய பரப்பில் ஒட்டினால் விரல் நுனி சீக்கிரம் மரத்துவிடும். அவளோடு படிக்கும் பிள்ளைகளில் கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் இருந்தால், மஞ்சள் அட்டையில் கறுப்புக் கயிறு என்பது போன்ற எதிர்நிறங்கள் உதவும்.

ஸ்பெயினின் பிராதோ அருங்காட்சியகம் 2015இல் ஆறு ஓவியங்களைப் புடைப்பாக அச்சிட்டுத் தொடக் கொடுத்தது. அவற்றில் ஒன்று கொரெஜியோ வரைந்த, உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாவிடம் ‘என்னைத் தொடாதே’ என்று சொல்லும் காட்சி. அதைத் தொட்டுத்தான் அறிந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெகிழ்ச்சியாக இருக்கிறது. இத்தாலியின் அங்கோனா நகரில் தொடுவதற்கென்றே ஓமெரோ அருங்காட்சியகம் இருக்கிறது. டெல்லி தேசிய அருங்காட்சியகமும் 2015இல் தொட்டுணரும் கூடம் ஒன்றைத் திறந்தது. நம் ஊர் அருங்காட்சியகங்களிலும் எழுதிக் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் வைப்பார்கள்.

முகாரி அழுகை ராகம் என்கிறார்கள். ராகத்துக்குள் அழுகை உண்மையிலேயே இருக்கிறதா, நாமாக ஏற்றிச் சொல்கிறோமா? பாட்டு கேட்கும்போது புல்லரிப்பது ஏன்?
வாசகர், திருச்சி

இரண்டுமே உண்டு. தைவதம் என்பது ‘த’ என்ற ஸ்வரம். முகாரியில் ஏறும்போது வருவது சற்று உயர்ந்த சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது வருவது தாழ்ந்த சுத்த தைவதம். மெதுவாக ‘ப நி த ஸ’ என்று ஏறிவிட்டு ‘ஸ நி த ப’ என்று இறங்கிப் பாருங்கள். ஏறும்போது நின்ற படி இறங்கும்போது அரைப்படி தாழ்ந்திருக்கும். காது எதிர்பார்த்த இடம் கீழே அமிழ்கிறது. அந்த அமிழ்தலை உடம்பு உணர்கிறது. ஆனால் அதற்கு அழுகை என்று பெயர் வைப்பது பழக்கம். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடும் ‘எந்தநினே’ முகாரிதான். அது மனசு நிறைந்து இளகும் பாட்டு. நம் சினிமாவில் சோகக் காட்சிக்கு ஷெனாய் வாசித்து வாசித்து, அதைத் துக்கத்தின் குரலாக்கிவிட்டார்கள். வடக்கே அது கல்யாண வாத்தியம்.

புல்லரிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாண்ட்ரியலில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பது உச்ச இடத்தில் மட்டுமல்ல, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் வினாடிகளிலும்தான் என்று கண்டார்கள். ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தை (‘ஸ’) தொடாமல், அதற்கு முந்தைய நிஷாதத்திலேயே (‘நி’) சுற்றிச் சுற்றி வருவார்களே, அந்த வித்தை இந்தக் காத்திருப்பை நம்பித்தான் இருக்கிறது. சீக்கிரம் தொட்டுவிட்டால் சிலிர்ப்பு வராது. அளவுக்கு மீறி இழுத்தால் காது அயர்ந்துவிடும்.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியர் நான். ஆண்டுவிழாவுக்குப் பறையாட்டம் சொல்லிக்கொடுக்க ஆசை. தாளத்தை அவர்களுக்கு எப்படி உணர்த்துவது?
ஆசிரியர், திருநெல்வேலி

நல்ல தேர்வு. தோல் அதிர்வை மிக நன்றாக உணர்வது வினாடிக்கு 200 முதல் 300 அதிர்வுகள் வரை, ஆயிரத்தைத் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. அதனால் புல்லாங்குழல் உதவாது, தோற்கருவி உதவும். பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி, செருப்பில்லாமல் மேடையில் நின்று வாசிப்பவர். தாழ்ந்த ஒலிகளைக் காலிலும், உயர்ந்த ஒலிகளை முகத்திலும் கழுத்திலும் உணர்வதாகச் சொல்கிறார்.

சிமெண்டுத் தரை அதிர்வைக் கடத்தாது. மரப்பலகை மேடை வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, பிள்ளைகளை வெறுங்காலோடு மேலே உட்காரவைத்து, பறையின் சட்டத்தைப் பெஞ்சில் ஊன்றி அடியுங்கள். ஆளுக்கொரு பலூனும் கொடுங்கள். நெஞ்சருகே விரல் நுனிகளால் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அழுத்திப் பிடித்தால் அதிர்வு அடங்கிவிடும்.

முதல் வாரம் ஒற்றை அடி மட்டும். அடிக்கும் அடிக்கும் நடுவில் நன்றாக இடைவெளி விடுங்கள். கூடம் எதிரொலித்தால் அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அப்போது திறந்தவெளியே மேல். பிறகு அடிக்குச்சியின் கனத்த அடியையும் சிம்புக்குச்சியின் மெல்லிய அடியையும் தனித்தனியாக உணர்த்துங்கள். கனத்ததைத் தொடையிலும் மெல்லியதை விரலிலும் உணர்வார்கள். அதன் பிறகுதான் அடவு.

மழைக்காலத்தில் தோல் தொய்ந்து அடி மந்தமாகிவிடும். வைக்கோல் தீயில் காய்ச்சும்போது பறையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் காட்டினால் தோல் கருகி வெடிக்கும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. இன்னொரு எச்சரிக்கை: காதுக்கருவி அணிந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பறையொலி மிகுந்த வலி தரும். கருவியைக் கழற்றி வைப்பதா, ஒலியைக் குறைப்பதா என்பதைக் காது மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீங்களும் காதில் பஞ்சு வைப்பதோடு நிற்காமல் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

நாடகத்தில் மழைக் காட்சிக்கு மண்வாசனை வரவழைக்க முடியுமா?
கல்லூரி மாணவர், கோவை

முடியும். சூளையில் சுட்ட, பூச்சில்லாத புதுச் சட்டிகளை உடைத்து, ஓடுகளை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். அகலமான தட்டுகளில் பரப்பிப் பக்கத் திரைகளுக்குப் பின்னால் வைத்து, தண்ணீரைத் தெளியுங்கள், கொட்டாதீர்கள். பின்னால் ஒரு மேசை விசிறி மெதுவாகச் சுற்றட்டும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கும் மண் அத்தரும் கிடைக்கும், விலை கூடுதல்.

வாசனை ஒளியைப் போல உடனே போய்ச் சேராது. மழை என்ற சொல் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பாவது தொடங்குங்கள். எத்தனை நேரம் ஆகிறது என்று கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து ஒத்திகையிலேயே அளந்துகொள்ளுங்கள். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், எனவே மழைக்காட்சி நீண்டால் பின்பாதியில் யாருக்கும் வாசனை தெரியாது. ஒரு நாடகத்துக்கு ஒரு வாசனை போதும். முதலில் வந்தது அரங்கை விட்டுப் போவதற்குள் இரண்டாவது வந்தால் இரண்டும் கெடும். சாம்பிராணிப் புகை போடுவதானால் ஆஸ்துமா உள்ளவர்களுக்காக நுழைவாயிலிலேயே அறிவிப்பு வையுங்கள்.

ஆசையாக வாங்கிய தஞ்சாவூர் ஓவியம், வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் தகடு ஒட்டியது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, சென்னை

மக்கு (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த சாந்து) வைத்து மேடு எழுப்பி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டிய படம் அது. நேர் எதிரே மேலிருந்து வெள்ளை வெளிச்சம் விழுந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி விளக்கு ஒன்றைப் படத்தின் கீழ்ப்பக்க ஓரத்தில், பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி வையுங்கள். மேடுகளின் ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் நிழலாகும். நீங்கள் நடக்கும்போது பொன் நகரும். எண்ணெய் விளக்கில் இன்னும் அழகுதான், ஆனால் நேர் கீழே வைத்தால் கரி படியும், மூன்றடி தள்ளி வையுங்கள். வெயில் படும் சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம், ஈரமும் சூடும் மாறிமாறிப் பட்டால் மக்கு விரிசல் விடும்.